ஒன்றாம் கட்டிலின் டம்ளர்

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அருள்பாண்டியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பரிசுத்த வாரத்தின் புதன்கிழமை அது. காலை பத்து மணிக்கே வெயில் தகரத்தைப் போலக் கொதித்தது. விளாங்குடியிலிருந்து லோடு ஆட்டோவில் ஏற்றி வந்த பெட்டிகளை அவர் சிற்றாலயத்தின் பக்கவாட்டு அறையில் இறக்கி வைத்தார். அழகர்கோவில் ரோட்டிலிருந்து பிரியும் மண் பாதையில் இரண்டு மைல் உள்ளே, வற்றிய கண்மாயின் அக்கரையில் இருந்தது அந்த இல்லம். ஒரு காலத்தில் காசநோய் ஆஸ்பத்திரி. இப்போது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பியவர்கள் கடைசி நாட்களைக் கழிக்கும் இடம். ஆண்டுதோறும், இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளியன்று, அங்கே நடக்கும் மூன்று மணி நேர ஆராதனைக்கு மைக் செட் போடுவது அவருடைய வேலை. அவருக்கு முன் அவருடைய அப்பா சோணை போட்டார்.

ஆலயத்திலிருந்து இருநூறு அடி தள்ளிப் பழைய வார்டு. எழுந்து வர முடியாத நோயாளிகள் படுத்தபடியே ஜெபத்தைக் கேட்கட்டும் என்று, அந்தக் காலத்து டாக்டர் ஒருவர் இரும்புக் கம்பங்கள் நட்டு வார்டுக்கு ஒயர் இழுத்திருந்தார். அந்த ஒயரில்தான் சத்தம் வந்தது.

டங். டங். டங்.

மூன்று. பிறகு ஓர் இடைவெளி. பிறகு மூன்று.

ஒலிபெருக்கிகளில் வரும் கோளாறுகளை அருள்பாண்டிக்கு முப்பது வருடமாகத் தெரியும். எர்த் சரியில்லை என்றால் தேனீக்கூட்டம் போல ஓயாத இரைச்சல் வரும். ஒயரின் முடிச்சு தளர்ந்திருந்தால் எண்ணெயில் கடுகு பொரிவது போல வரும். பக்கத்தில் ரேடியோ அலை இருந்தால் யாரோ ஒருவரின் பேச்சு துண்டு துண்டாக வரும். கோளாறுக்கு எண்ணத் தெரியாது. இது எண்ணியது.

அவர் ஒயரைக் கழற்றி ஆம்ப்ளிபயரிலிருந்து தனியாக எடுத்து மேஜைமேல் வைத்தார்.

டங். டங். டங்.

சுவரில் ஒரு பழைய மரப்பெட்டி இருந்தது. அதில் ஒரு பித்தளை நெம்பு. மேலே தள்ளினால் ‘பேச’, கீழே தள்ளினால் ‘கேட்க’ என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. அந்த டாக்டரின் யோசனையை நினைக்கும்போதெல்லாம் அருள்பாண்டிக்குச் சந்தோஷமாக இருக்கும். ஸ்பீக்கருக்குள் ஒரு காகிதக் கூம்பு, அதன் அடியில் கம்பிச் சுருள், சுருளைச் சுற்றிக் காந்தம். மின்சாரம் பாய்ந்தால் சுருள் ஆடும், கூம்பு ஆடும், சத்தம் வரும். இதையே திருப்பிப் போட்டால், எதிரே யாராவது பேசினால் கூம்பு ஆடும், சுருள் ஆடும், மின்சாரம் வரும். அதாவது ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே சாமான். நெம்பைக் கீழே தள்ளினால், ஜெபத்தை அனுப்பும் பெட்டி வார்டில் என்ன நடக்கிறது என்று கேட்கும் பெட்டியாகிவிடும்.

ஆனால் நெம்பு மேலேயே இருந்தது. ‘பேச’ என்ற பக்கத்தில் செப்புக் கம்பியால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. கம்பியில் பச்சை பூத்திருந்தது. இத்தனை வருடம் அதைப் பார்த்தும் அவர் கவனித்ததில்லை. இன்று குனிந்து பார்த்தார். மூன்று முறுக்கு, பிறகு நுனியை மடித்துத் திருப்பி அழுத்தியிருந்தது.

அவரும் கம்பியை அப்படித்தான் கட்டுவார். அப்பாவிடம் பார்த்துப் படிந்த பழக்கம்.

*

பழைய வார்டில் ஆறு கட்டில்கள். ஐந்தில் மெத்தை கிடையாது. வெறும் இரும்புச் சட்டமும் கம்பிச் சுருள்களும். ஆறாவதில், ஜன்னலோரம், அவருடைய மனைவி தமிழ்வாணி படுத்திருந்தாள். முதுகெலும்புக்குள் புற்று. புதுக் கட்டடத்தில் இடமில்லாததால் இரண்டு வாரம் முன்பு அவளுக்காக இந்த வார்டைத் திறந்து கழுவினார்கள். அவளை அசைக்கக் கூடாது.

முதல் கட்டிலுக்கு மேலே சுவரில் பழைய ஸ்பீக்கர் பெட்டி. அருள்பாண்டி ஏணி போட்டு ஏறி அதன் முகப்புத் துணியைக் கிழித்தார். உள்ளே கூம்பு இல்லை. காந்தமும் இல்லை. எலிப்புழுக்கையும் துருப்பிடித்த இரண்டு ஒயர் நுனிகளும் மட்டும். அவர் அந்த நுனிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். வார்டின் சத்தத்தைக் கேட்டு அனுப்ப அங்கே ஒன்றுமே இல்லை.

“என்ன அண்ணே, வவ்வாலா?” என்று கீழேயிருந்து ஷரீபா கேட்டாள். பதினோரு வருடமாக அங்கே நர்ஸ். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டும் சத்தத்தைப் பற்றி அவர் சொன்னதும் அவள் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போய், தான் கேள்விப்பட்டதைச் சொன்னாள்.

முப்பது வருடம் முன்பு இந்த வார்டில் பேயாண்டி என்று ஒரு கிணறு வெட்டுகிற ஆள் இருந்தார். முதல் கட்டில். நெஞ்சு அரித்துப்போயிருந்தது, குரல் வராது. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் தண்ணீர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுவார். எல்லாருமே அப்படித்தான் கூப்பிட்டார்கள், அப்போது மணி கிடையாது. ஒரு பெரிய வெள்ளியன்று டாக்டர், நர்ஸ், சமையல்காரர், காவல்காரர் உட்பட எல்லாரும் ஆராதனைக்குப் போய்விட்டார்கள். அது இங்கே வழக்கம். இன்றைக்கும் அதுதான் வழக்கம். நடுப் பிரசங்கத்தில் ஆலயத்து ஸ்பீக்கரில் டங் டங்கென்று கேட்டதாம். ஏதோ கோளாறு என்று மைக்காரர் சத்தத்தை இறக்கிச் சரிசெய்துவிட்டார். மூன்று மணிக்கு வந்து பார்த்தபோது படுக்கையெல்லாம் ரத்தம். டம்ளரின் விளிம்பு நசுங்கிப் போயிருந்தது.

மைக்காரர் பெயரை அவள் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்காது.

“நாந்தேன் வருசாவருசம் அந்த மூணு மணி நேரமும் வார்டுல இருப்பேன். பேசண்ட் இல்லாட்டியும் வந்து உக்காருவேன். எனக்குக் கோயிலுக்குப் போற வேல இல்லல்ல” என்றாள். “இந்த வருசம் தங்கச்சி நிக்காஹ். இன்னைக்கிச் சாயங்காலமே மாட்டுத்தாவணியில பஸ்ஸு. வேற ஆளப் போடுங்கன்னு ஆபீஸ்ல சொன்னேன், சிரிக்கிறாங்க. நீங்க அக்காவோட இருந்துருங்க அண்ணே.”

அவர் தலையசைத்தார். ஆனால் அவரால் இருக்க முடியாது. அன்று மைக் பார்ப்பது மட்டுமல்ல அவர் வேலை. சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேர் விளக்குவார்கள். நான்காவதை இந்த வருடம் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். ஏன் என்னை விட்டுவிட்டாய் என்று தகப்பனான தேவனிடம் கேட்கும் வார்த்தை. மனைவி இந்த நிலையில் படுத்திருக்க, அதை அவர் பேசினால் விசுவாசத்துக்குப் பெரிய சாட்சியாக இருக்கும் என்று போதகர் சொல்லியிருந்தார்.

*

வியாழக்கிழமை மாலை, அவளுடைய கட்டிலருகே புது ஸ்பீக்கர் ஒன்றை மாட்டிவிட்டு, அவர் தன் பிரசங்கத்தை அவளுக்குப் படித்துக் காட்டினார். நான்கு பக்கம். தேவன் கைவிடவில்லை, கைவிட்டது போலத் தோன்றியது என்று ஆரம்பித்து அதற்கு மூன்று காரணங்களை அடுக்கியிருந்தார். உதாரணமும் இருந்தது. பழுது பார்க்கும்போது மெயின் சுவிட்சை அணைப்பது நம்மைப் பாதுகாக்கத்தான். வீடு இருட்டாகும். அதற்காக மின்சாரம் நம்மை வெறுக்கிறது என்று அர்த்தமில்லை.

அவளுடைய நோய் தெரிந்த ஆறு மாதமாக அவர் இப்படித்தான் விளக்கி வந்தார். மருந்து எந்த வழியாக மூளைக்குப் போகிறது, நரம்பு எப்படி ஒயரைப் போல வலியைக் கடத்துகிறது, சோதனை எப்படி ஒரு மனுஷனைப் பொன்னாக்குகிறது. எதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது என்று நிஜமாகவே நம்பினார். அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் அவளுக்குப் பாரம் குறையும் என்றும் நம்பினார்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு ஒயரு இருக்கு” என்றாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

“அவரு கேட்டது கேள்விங்க. ஆண்டவருக்கே அதுக்குப் பதில் வரல. நீங்க எதுக்குப் பதில் சொல்றீங்க? சிலுவைக்குக் கீழ நின்னாங்கள்ல, அவங்க ஆத்தாளும் மத்தவங்களும், ஒருத்தராச்சும் வெளக்கம் சொன்னாங்களா? சும்மா நின்னாங்க.”

அவர் காகிதத்தை மடித்தார். வலி அதிகமாக இருக்கும்போது அவள் இப்படிப் பேசுவாள் என்று தனக்குத் தானே விளக்கிக்கொண்டார்.

“நாளைக்கி அந்த மூணு மணி நேரம் என்னயத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க” என்றாள். “பகல்ல ஆளு இல்லாதப்ப அந்த மொதக் கட்டில்ல சத்தம் கேக்குது. எனக்குப் பயமாருக்கு.”

இருபது நிமிடம்தான் பேசப்போகிறேன், மிச்ச நேரம் மைக்கிடம் இருக்க வேண்டும், ஸ்பீக்கரில் என் குரல் உன் பக்கத்திலேயே இருக்கும் என்று அவர் சமாதானம் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கை எட்டும் இடத்தில் ஸ்டூலின்மேல் வைத்துவிட்டு அவர் கிளம்பினார்.

*

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. ஆலயத்து ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். நூறு பேருக்குமேல் உட்கார்ந்திருந்தார்கள். புதுக் கட்டடத்து நோயாளிகள் சக்கர நாற்காலிகளில் முன்வரிசையில் இருந்தார்கள். காவல்காரரும் சமையல்காரரும் கடைசி பெஞ்சில். காற்று இல்லை. ஒரு மணிக்கு அழகர் மலைப் பக்கமிருந்து மேகம் ஏறியது. மழை இல்லை, இடி இல்லை. வெளிச்சம் மட்டும் மெதுவாக வடிந்தது.

முதல் வார்த்தை, இரண்டாம் வார்த்தை, மூன்றாம் வார்த்தை. மைக் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. புதனன்று கேட்ட சத்தத்தைச் சாயங்காலக் குளிர்ச்சியில் ஒயர் சுருங்கியதால் வந்தது என்று அவர் முடிவுசெய்திருந்தார். கேட்டது காலை பத்து மணிக்கு என்பதை யோசிக்கவில்லை.

ஒன்றரை மணிக்குப் போதகர் அவர் பெயரைச் சொன்னார். அருள்பாண்டி ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே பீடத்துக்குப் போய்க் காகிதங்களை விரித்தார்.

“பிரியமானவர்களே” என்றார்.

மைக் செத்துவிட்டது.

அவர் விரலால் தட்டினார். ஒன்றுமில்லை. சுவிட்சைத் தள்ளினார். ஒன்றுமில்லை. பிறகு, ஆலயத்தின் நான்கு மூலை ஸ்பீக்கர்களிலிருந்தும் வந்தது.

டங். டங். டங்.

முன்வரிசையில் ஒரு கிழவர் தலையைத் திருப்பினார். போதகர் கையால் சைகை காட்டினார், கொஞ்சம் எரிச்சலோடு. அருள்பாண்டி பக்கவாட்டு அறைக்கு விரைந்தார். வார்டு ஒயரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பிடித்தார். இறக்கினார். பூஜ்யம்வரை இறக்கினார்.

டங். டங். டங்.

இன்னும் பலமாக.

ஆம்ப்ளிபயரின் பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கினார். சிவப்பு விளக்கு அணைந்தது.

ஸ்பீக்கர்கள் நிற்கவில்லை.

கழுத்தில் தொங்கிய ஹெட்போனிலிருந்து சன்னமாக ஏதோ கேட்டது. அதைக் காதில் வைத்தார். “ஏங்க” என்றாள் தமிழ்வாணி. பயந்த குரல், மூச்சு வாங்கியது. “ஏங்க… ஏங்க…”

அதன்மேல் இன்னொரு மூச்சு. ஈரமான, கொழகொழவென்ற மூச்சு. காதுக்குள்ளேயே வாயை வைத்தது போல.

“எறக்கிட்டியா?”

அவர் குமிழைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்கப்பனும் எறக்குனான்.”

ஹெட்போன் தரையில் விழுந்தது. அருள்பாண்டி பின்கதவு வழியாக ஓடினார்.

*

இருநூறு அடி. மேகத்தின் கீழே கண்மாய்க் கரையும் கருவேல மரங்களும் சாம்பல் நிறமாக இருந்தன. ஓர் ஆள்கூடக் கண்ணில் படவில்லை. பின்னால் ஆலயத்தில் மைக் இல்லாமலே யாரோ பாட்டைத் தொடங்கினார்கள். தூரத்தில் அது ஒரு முனகலாகக் கேட்டது. வார்டுக்குள் படுத்திருப்பவருக்கு எப்போதும் அப்படித்தான் கேட்டிருக்கும் என்று ஓடும்போது அவருக்குத் தோன்றியது.

வார்டுக் கதவைத் தள்ளினார். பினாயில் வாசனை இல்லை. பழைய ரத்தத்தின் வாசனை, துருப்பிடித்த சாவியை நக்கியது போல, நாக்கில் வந்து ஒட்டியது.

முதல் கட்டிலில் மெத்தை இல்லை. ஆள் இல்லை.

கம்பிச் சுருள்கள் மட்டும் நடுவில் குழிந்திருந்தன. ஓர் ஆள் கனத்துக்கு.

தமிழ்வாணியின் டம்ளர் ஸ்டூலின்மேல் இல்லை. அது முதல் கட்டிலின் கீழே நிமிர்ந்து நின்றது. அதில் தண்ணீர் அப்படியே இருந்தது. அவள் கண்கள் திறந்திருந்தன. உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் வந்திருந்தது. மதிய மருந்தைக் கொடுக்க யாரும் வரவில்லை. அவள் பக்கத்தில் அவர் மாட்டிய புது ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது.

“வாணி, ஒண்ணுமில்ல” என்று அவர் ஆரம்பித்தார். “பயப்படாத. மேகம் போட்டா காத்துல ஈரம் ஏறும், ஒயர்ல கசிவு வரும், அதனால…”

சுவரிலிருந்த பழைய பெட்டி பேசியது.

கூம்பும் காந்தமும் இல்லாத பெட்டி அவருடைய குரலில் பேசியது. “பயப்படாத வாணி. இது சோதனைதான். வலிங்கறது நரம்புல ஓடுற மின்சாரம் மாதிரி. ஆண்டவர் உன்னையப் பொன்னாக்குறாரு. நீ விசுவாசத்த விடாம இருந்தா…” ஆறு மாதம் அவர் சொன்னவை எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக வந்தன. அன்பான குரல். ஆர்வமான குரல். அதற்கு இடையில், வேறெங்கோ தூரத்தில், அவள் முனகிக்கொண்டிருந்தாள். அப்போது அவர் அதைக் கேட்கவே இல்லை என்று இப்போது கேட்டது. குரல் நிற்கவில்லை. ஒரு முனகலுக்கும் அது வழி விடவில்லை. மெயின் சுவிட்ச் உதாரணத்துக்கு வந்தபோது அந்தக் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது.

“இங்கயிருந்து கேட்டா இப்பிடித்தாங்க கேக்கும்” என்றாள் தமிழ்வாணி.

முதல் கட்டிலின் குழி மெதுவாக மேலெழுந்தது.

ஏதோ எழுந்தது.

தரையில் காலடி இல்லை. இரண்டாம் கட்டிலின் சட்டத்தில் டங். மூன்றாவதில் டங். நான்காவது. ஐந்தாவது. பிறகு அவளுடைய கட்டிலின் கால்மாட்டில், அவர் கண்ணெதிரே, இரும்புக் கம்பி அதிர்ந்தது. அதில் புதிதாக ஒரு நசுங்கல் விழுந்தது.

அவர் ஜெபிக்க வாயைத் திறந்தார். டங். கம்பி அவர் முழங்கையை ஒட்டி அதிர்ந்தது. வெளியே போ என்று அதட்டப் பார்த்தார். டங். அப்பா தெரியாமல் செய்தார் என்று சொல்ல நினைத்தார். தட்டல் அவருடைய பல்லுக்குள் இறங்கியது. எதிரே நிற்பதன் கோபம் அவருக்கு முகத்தில் உலை வெப்பம் போலப் பட்டது. அதற்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. முப்பது வருடமாக விளக்கத்தை மட்டும்தான் அதற்கு அனுப்பியிருந்தார்கள்.

“ஒக்காருங்க” என்று அவள் கிசுகிசுத்தாள். “பேசாதீங்க.”

நாற்காலி மூலையில் கிடந்தது. ஷரீபாவின் நாற்காலியாக இருக்க வேண்டும். அதை இழுத்துப் போட்டு அவர் உட்கார்ந்தார். கையில் நான்கு பக்கக் காகிதம் இன்னும் இருந்தது. அதைத் தரையில் விட்டார். அவள் கையைப் பிடித்தார். வாயை மூடினார்.

பெட்டியில் அவருடைய குரல் பாதி வாக்கியத்தில் நின்றது.

அப்போதுதான் அவள் கத்தினாள். ஆறு மாதமாக உள்ளே அடக்கி வைத்திருந்த கத்தல். ஏன் விட்டுட்ட, நான் என்ன செஞ்சேன், எங்க போயிட்ட என்று அவரைக் கேட்காமல், கூரையைப் பார்த்து, ஆண்டவரைக் கேட்டாள். கட்டிலின் கால்மாட்டிலிருந்து இன்னொரு குரல், நெஞ்சு அரித்த, காற்று மட்டுமே உள்ள குரல், அரை நொடி பிந்தி அதே சொற்களைச் சொன்னது. இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அதே நாளில், அதே நேரத்தில், சிலுவையில் வேறொருவர் கேட்ட கேள்வி. அவருக்கும் பதில் வரவில்லை.

அருள்பாண்டிக்குப் பதில் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

அது சமாதானமான மௌனமாக இருக்கவில்லை. ஒன்றரை மணி நேரமும் கால்மாட்டில் நின்றது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போவாரா என்று காத்திருந்தது. ஒருமுறை அவர் கால் மரத்துப்போய் லேசாக நிமிர்ந்தார். கம்பி உடனே அதிர்ந்தது. மறுபடி உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு ஆலயத்திலிருந்து ஆட்கள் பேசாமல் வெளியே வந்தார்கள். முதல் கட்டிலின் கம்பிச் சுருள்கள் ஒரு கிரீச்சோடு குழிந்தன. பிறகு மெதுவாக நேராயின.

தமிழ்வாணி தூங்கிவிட்டிருந்தாள். மூச்சு சீராக இருந்தது.

*

அவள் இன்னும் பதினாறு நாள் இருந்தாள். அருள்பாண்டி கடையைப் பூட்டிவிட்டு அந்த நாற்காலியிலேயே இருந்தார். அவள் திட்டினாள், அழுதாள், ஒருநாள் மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து மல்லிகை வாங்கிவரச் சொல்லிவிட்டு, வேண்டாம், போகாதீங்க என்றாள். அவர் போகவில்லை. ஷரீபா வாங்கி வந்தாள். கடைசி விடியற்காலையில் தமிழ்வாணியின் கை அவர் கைக்குள் இருந்தது. அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அவர் ஆலயத்துப் பக்கவாட்டு அறைக்குப் போனார். குறட்டால் அப்பாவின் முறுக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். நெம்பைக் கீழே தள்ளினார்.

அடுத்த வருடம் பெரிய வெள்ளிக்கு மைக் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அவர் வார்டில் இருந்தார். வார்டில் அப்போது நோயாளிகள் யாரும் இல்லை. அவர் சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்புகிறவர் இல்லை. எனவே சோதித்தார். ஒன்றாம் கட்டிலருகே உட்கார்ந்திருந்த வரையில் அமைதி. எழுந்து கதவை நோக்கி நடந்தார். ஒன்பதாவது அடியில் டங். திரும்பி வந்து உட்கார்ந்தார், நின்றது. மறுபடி எழுந்தார், ஒன்பதாவது அடி. உட்கார்ந்தபடி மெல்ல ஒரு ஜெபம் சொன்னார். முதல் சொல்லிலேயே டங். மூன்று தடவை செய்தும் கணக்கு மாறவில்லை. தமிழ்வாணி படுத்திருந்த ஆறாம் கட்டிலிலிருந்து ஒரு தடவைகூடச் சத்தம் வரவில்லை.

புதிய மைக்காரருக்காக அவர் ஒரு காகிதத்தில் எழுதி, நெம்பின் பக்கத்தில் ஒட்டி வைத்தார். அது இன்னும் அங்கே இருக்கிறது.

‘வார்டு ஒயரில் தட்டும் சத்தம் வந்தால் குமிழை இறக்க வேண்டாம். ஒயரை வெட்ட வேண்டாம். எர்த் பார்க்க வேண்டாம், அது சரியாக இருக்கிறது. பெரிய வெள்ளியன்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை யாராவது ஒருவர் ஒன்றாம் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். பேசக் கூடாது. எழுந்திருக்கக் கூடாது. சத்தம் நின்றுவிடும்.’